முப்பது டிகிரி எந்தப் பக்கத்திலிருந்து

அகிலாவுக்கு,

இங்கே எல்லாரும் சௌக்கியம் என்று முதல் வரியில் எழுதிவிட்டு மற்றதைத் தொடங்கலாம் என்று உட்கார்ந்தேன். சௌக்கியம்தான். ஆனால் உன் கடிதம் வந்ததிலிருந்து எனக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளவில்லை. வாசலில் நின்றபடியே படித்தேன். சமையலறையில் படித்தேன். துணி உலர்த்தப் போன இடத்தில், ஈரக்கையோடு மறுபடி படித்தேன். உன் அப்பா பார்த்துவிட்டு, "எத்தனை தரம் படிச்சாலும் எழுதினதுதான் இருக்கும். உக்காந்து பதிலைப் போடு" என்றார். இரண்டு வரி எழுதுகிறேன், எழுந்து ஜன்னலுக்குப் போகிறேன், திரும்ப வந்து பேனாவை எடுக்கிறேன். அதனால் இந்தக் கடிதம் அங்கங்கே விட்டுவிட்டுத்தான் போகும். பொறுத்துக்கொள்.

உன் இந்தூர் ஆஃபீஸில், ஒரு ஷாஃப்டின் முனையில் 'சாம்ஃபர் 2' என்று மட்டும் எழுதச் சொன்னார்கள் என்கிறாய். எத்தனை டிகிரி சாய்வு, இரண்டு மில்லிமீட்டரை எங்கிருந்து எங்கே அளப்பது என்று நீ கேட்டதற்கு, மூத்த டிராஃப்ட்ஸ்மன் ஹால் முழுக்கக் கேட்கும்படி சிரித்தாராம். பம்பாயிலிருந்து வந்த பெண்ணுக்குக் கூர் விளிம்பைச் சீவிவிடுவது என்றால் என்னவென்று தெரியவில்லை, யாராவது சொல்லிக்கொடுங்கள் என்றாராம். 'நான் கேட்டது தப்பா அம்மா?' என்று எழுதியிருக்கிறாய். தப்பில்லை. இந்த ஒரு வார்த்தைதான் பதில் என்றால் தந்தியிலேயே அடித்திருப்பேன். ஆனால் கேட்டால் என்னென்ன ஆகும் என்பதையும் நான் உனக்குச் சொல்ல வேண்டும். செம்பூர் கம்பெனியை ஏன் விட்டாய் என்று நீ கேட்டபோதெல்லாம், வடாலா கம்பெனி வீட்டுக்குப் பக்கம் என்று சொல்லி வந்திருக்கிறேன். மாட்டுங்காவிலிருந்து வடாலா பக்கம்தான். நான் விட்டதற்குக் காரணம் அது இல்லை.

செம்பூரில் பம்பு செய்யும் அந்தக் கம்பெனியில் நான் ட்ரேஸராகச் சேர்ந்தபோது நீ பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாய். டிராஃப்ட்ஸ்மன்கள் பென்சிலில் போட்ட படத்தின் மேல், அடிக்கோடு தெரியும் மெல்லிய துணியை விரித்து, மையில் அப்படியே இழுக்க வேண்டும். அதிலிருந்துதான் ப்ளூபிரிண்ட் எடுத்துக் கீழே இயந்திரங்கள் ஓடும் ஷாப்புக்கு அனுப்புவார்கள். கல்யாணமான பெண்ணை வேலைக்கு வைக்க ஒரு கம்பெனியும் தயாராக இல்லாத நாளில், தலைமை டிராஃப்ட்ஸ்மன் தேஷ்பாண்டே ஒரு துணியையும் பேனாவையும் கொடுத்து, "போட்டுக் காட்டுங்கள்" என்றார். போட்டுக் காட்டினேன். மறுநாளே வரச் சொன்னார். என்னை 'பாயி' என்றுதான் கூப்பிடுவார், மராத்தியில் அது மரியாதை. வேலை தற்காலிகம், வருஷ முடிவில் நிரந்தரமாக்குவதாகச் சொல்லியிருந்தார். நல்ல மனிதர். இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன், பின்னால் வருவதைப் படித்துவிட்டு நீ அவரை வேறு மாதிரி நினைத்துவிடக் கூடாது.

அங்குலத்திலிருந்து மில்லிமீட்டருக்கு எல்லாப் படங்களும் மாறிக்கொண்டிருந்த சமயம் அது. அதோடு கம்பெனியில் ஒரு புதுப் பம்பும் ஆரம்பித்திருந்தார்கள். பழைய பம்புகளில், சுழல்கிற ஷாஃப்டைச் சுற்றிக் கயிறு மாதிரி ஒன்றைத் திணித்துத் தண்ணீரை நிறுத்துவார்கள். புதுசில் அதற்குப் பதில் ரப்பர் சீல். மெல்லிய உதடு ஒன்று ஷாஃப்டை இறுக்கப் பிடித்துக்கொண்டிருக்கும். அதை ஷாஃப்டின் முனை வழியாகத் தள்ளி ஏற்ற வேண்டும். முனை கூராக இருந்தால் உதடு கிழிந்துவிடும் என்பதற்காக, நீளமாக, மெதுவாக ஏறும்படி ஒரு சாய்வு கொடுத்திருந்தார் தேஷ்பாண்டே. அதுவரை அந்த ஆஃபீஸில் போட்ட சாம்ஃபர் எல்லாம் நாற்பத்தைந்து டிகிரி. அதில் முனையின் தட்டையான முகத்திலிருந்து அளந்தாலும் நீளவாக்கில் அளந்தாலும் ஒன்றுதான் வரும். இது முப்பது. ஆனால் எழுதின விதம் பழைய பழக்கத்திலேயே இருந்தது. மூலைக்கு ஒரு அம்புக்குறி, அதன் வாலில் '3 × 30°', மூன்று மில்லிமீட்டர், முப்பது டிகிரி. நான் துணியில் அப்படியே இழுத்தேன். படத்தில் அந்தச் சாய்வே அரிசி நுனி அளவுதான். ப்ளூபிரிண்டில் அது ஒரு நீலக் கசிவு.

சோதனை மேடையில் முதல் பம்பை ஓட்டியபோது தண்ணீர் ஒழுகியது. அடுத்ததும் ஒழுகியது. கழற்றிப் பார்த்தால் சீலின் உதடு கிழிந்திருந்தது. அந்த ஷாஃப்டுகளை லேத்தில் கடைந்தவர் சுடலைமுத்து, தாராவியிலிருந்து வரும் டர்னர், திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். அவர் வெட்டியிருந்த சாய்வு குட்டையாக, செங்குத்தாக இருந்தது. ஸ்டோரில் கழிவு என்று ஒதுக்கிய ஷாஃப்டுகள் மூலையில் அடுக்கியிருந்தன. வொர்க்ஸ் மேனேஜர் எல்லார் முன்னாலும் சத்தம் போட்டு, விசாரணை முடிகிறவரை உள்ளே வராதே என்று அவரை அனுப்பிவிட்டார்.

சுடலைமுத்து வெளியே போகவில்லை. நேராக மாடியேறி எங்கள் ஆஃபீஸ் வாசலில் வந்து நின்றார். கையில் எண்ணெய்க் கறை பட்ட பிரிண்ட். அத்தனை பேரையும் விட்டுவிட்டு என்னைத்தான் பார்த்தார். படத்தின் மூலையில், ட்ரேஸ் செய்தவர் என்ற இடத்தில் என் பெயர்தானே இருக்கும்.

"நீங்கதானம்மா இதை எழுதுனது? முப்பதுன்னு போட்டிருக்கீங்கள்லா. முப்பதுதானே வெட்டியிருக்கேன். வேணும்னா அளந்து பாருங்க. எம்மேல எதுக்குப் பழி போடுதாங்க?"

தேஷ்பாண்டே எழுந்து வந்து பிரிண்டை வாங்கிப் பார்த்தார். இந்தியில் சொன்னார்: "படம் தெளிவாகத்தான் இருக்கிறது. முப்பது டிகிரி, ஷாஃப்டின் அச்சிலிருந்து. இதில் கேட்க என்ன இருக்கிறது?"

"அச்சுலேர்ந்துன்னு எங்க ஸாப் எழுதியிருக்கு? நாங்க முனையை மொதல்ல சமமாக் கடைஞ்சு, அந்த முகத்துலேர்ந்துதான் அளப்போம். எனக்கும் தெளிவாத்தான் இருந்திச்சு" என்றார் சுடலைமுத்து, பாதி இந்தியும் பாதி தமிழுமாக.

இரண்டு பேரும் தெளிவு என்றுதான் சொன்னார்கள். இரண்டு பேர் முகத்திலும் பொய் இல்லை. ட்ரேஸருக்கு அங்கே பேச்சு கிடையாது. சுடலைமுத்து படியிறங்கிப் போகும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அதற்கப்புறம் நான் இழுத்த கோடு ஒன்றுகூட ஒழுங்காக வரவில்லை, மூன்று இடத்தில் பிளேடால் சுரண்டித் திருத்தினேன்.

வீட்டுக்கு வந்தும் அதே தவிப்பு. கூட்டுக்கு முள்ளங்கி நறுக்க உட்கார்ந்தவள், ஒரு முள்ளங்கியின் முனையைச் சமமாக வெட்டி, தேஷ்பாண்டே சொன்ன மாதிரி நீளவாக்கில் ஒரு சாய்வு சீவினேன். இன்னொன்றை எடுத்து, சுடலைமுத்து சொன்ன மாதிரி முகத்திலிருந்து சீவினேன். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், போன பகுதி ஒரே முக்கோணம்தான். ஒன்றில் படுத்திருந்தது, இன்னொன்றில் நிமிர்ந்து நின்றது. '3 × 30°' என்பது இரண்டுக்கும் சரியாகப் பொருந்தியது. உன் அப்பா ஆஃபீஸிலிருந்து வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் இரண்டையும் அவர் மூக்குக்கு முன்னால் நீட்டினேன்.

"இன்னிக்குக் கூட்டு கிடையாதா?" என்றார்.

நடந்ததைச் சொன்னேன். அவர் கேட்டுவிட்டுச் சொன்னார்: "உனக்கு இன்னும் நிரந்தரம் ஆகலை. கொடுத்ததை இழுத்தியா, வந்தியான்னு இரு. தேஷ்பாண்டே உனக்குச் செஞ்ச உபகாரத்தை நினைச்சுப் பாரு. அந்த மனுஷர் முன்னாடி போயி, உங்க படத்துக்கு ரெண்டு அர்த்தம்னு சொல்லப் போறியா?"

"நான் சொல்லலேன்னா வேற யார் சொல்லுவா? அந்த எழுத்து என்னோடதாச்சே."

"எழுத்துதான் உன்னோடது. கணக்கு அவரோடது."

அவர் சொன்னதில் தப்பில்லை. நீ ஏதோ வாய்ப்பாடு ஒப்பித்துக்கொண்டிருந்தாய். நான் ஹாலுக்கும் சமையலறைக்கும் நடந்துகொண்டிருந்தேன்.

மறுநாள் மத்தியானம், தேஷ்பாண்டே சாப்பிடப் போயிருந்த நேரத்தில், அந்தப் பிரிண்டை எடுத்துக்கொண்டு டிராஃப்ட்ஸ்மன்களிடம் ஒவ்வொருவராகப் போனேன். "இந்த மூலையை மட்டும் உள்ளங்கை அளவுக்குப் பெரிதாகப் போட்டுக் கொடுங்கள். அடுத்தவர் தாளைப் பார்க்காமல் போடுங்கள்" என்று கேட்டேன். விளையாட்டு என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே போட்டார்கள். தாள்களை என் பலகையில் வரிசையாக வைத்ததும் சிரிப்பு நின்றது. பாதிப் பேர் முக்கோணத்தைப் படுக்க வைத்திருந்தார்கள், பாதிப் பேர் நிறுத்தியிருந்தார்கள். ஒருவர் மூன்று மில்லிமீட்டரைச் சாய்வின் மேலேயே அளந்திருந்தார். அது முற்றிலும் வேறு ஒன்று. உடனே சண்டை ஆரம்பித்துவிட்டது. நான் போட்டதுதான் சரி, இல்லை நான் போட்டதுதான் என்று ஸ்டூல்களைத் தள்ளிவிட்டு எழுந்து நின்று கத்தினார்கள். அந்தக் கூச்சலுக்கு நடுவில் தேஷ்பாண்டே உள்ளே வந்தார்.

அவராகவே தாள்களைப் பார்த்தார். ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து, திரும்ப அதே இடத்தில் வைத்தார். அவர் காது நுனி சிவந்ததை நான் பார்த்தேன்.

"யார் சொல்லி இதைச் செய்தீர்கள், பாயி?"

"யாரும் சொல்லவில்லை ஸார்."

தாள்களை மடித்து எடுத்துக்கொண்டு தன் அறைக்குள் போய்விட்டார். சாயங்காலம் வரை கதவு திறக்கவில்லை. வேலை போய்விட்டது என்றே முடிவு கட்டி, என் பேனாக்களைத் துடைத்துப் பெட்டியில் வைத்துவிட்டேன். கிளம்பும் நேரத்தில் ஒரு புதுப் பென்சில் படத்தைக் கொண்டுவந்து என் பலகையில் வைத்தார். ஷாஃப்டின் மூலையை வட்டம் போட்டுத் தனியாக எடுத்து, பெரிதாக வரைந்திருந்தார். அம்புக்குறியும் வாலும் போயிருந்தன. மூன்று மில்லிமீட்டர் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று இரண்டு பக்கமும் கோடு நீட்டி, ஷாஃப்டின் நீளத்துக்கு இணையாக அளவு கொடுத்திருந்தார். முப்பது டிகிரிக்கு, அச்சுக்கு இணையாக ஒரு கோடு இழுத்து, அதிலிருந்து சாய்வு வரைக்கும் வில் போட்டிருந்தார். யார் பார்த்தாலும் ஒரே ஒரு விதமாகத்தான் அதை வெட்ட முடியும். "நாளைக்கு முதல் வேலையாக இதை ட்ரேஸ் செய்யுங்கள்" என்றார்.

சுடலைமுத்துவைத் திரும்ப வரச் சொல்லி ஆள் அனுப்பினார்கள். அவர் வரவில்லை. இரண்டாம் தரம் அனுப்பியும் வரவில்லை. எனக்கு மறுபடி உட்கார முடியாமல் போயிற்று. ஞாயிற்றுக்கிழமை உன் அப்பாவை இழுத்துக்கொண்டு தாராவிக்குப் போனேன். கேட்டுக் கேட்டு, சந்து சந்தாக நுழைந்து வீட்டைக் கண்டுபிடித்தோம். அவர் மனைவி எங்களைப் பார்த்துப் பதறிப்போய், கடைக்கு ஓடிக் கலர் வாங்கிவந்து கொடுத்தாள். நான் குடித்தேன். உன் அப்பா குடிப்பதா வேண்டாமா என்று பாட்டிலைக் கையில் பிடித்துக்கொண்டே இருந்து, கடைசியில் என்னைப் பார்த்துவிட்டு மடமடவென்று குடித்தார்.

சுடலைமுத்துவிடம் எல்லாத் தாளையும் பற்றிச் சொன்னேன். கேட்டுவிட்டு முகத்தைச் சுருக்கினார்.

"அப்போ அவர் சொன்னதும் சரிங்கிறீங்களா?"

"ரெண்டும் சரி. அந்தப் படத்துல ரெண்டுமே இருந்துது."

"அதெப்படிம்மா ரெண்டும் சரியா இருக்கும்? இத்தனை வருசமா லேத்துல நிக்கேன். முகத்துலேர்ந்துதான் அளக்கணும். அவரு அளக்கது வேற எங்கயும் கிடையாது."

அடுப்பங்கரையிலிருந்து ஒரு முருங்கைக்காயை வாங்கி, இரண்டு விதமாகவும் வெட்டிக் காட்டினேன். வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவருக்கும் அது பிடிக்கவில்லை, அகிலா. தான் மட்டும்தான் சரி என்று இருந்தவரையில் கோபத்தைப் பிடித்துக்கொண்டு நிற்க முடிந்தது.

"சரிம்மா. ரெண்டா இருந்திச்சுன்னே வச்சுக்கிடுவோம்" என்றார் கடைசியில். "ஆனா அந்த மேனேசரு என்னைத் திட்டுனது ஷாப்புல, அம்புட்டுப் பேருக்கும் முன்னால. வான்னு கூப்பிட மட்டும் ஒரு ஆளைத் தனியா அனுப்புதாங்க. அதே ஷாப்புல வச்சுச் சொல்லச் சொல்லுங்க, நான் வாரேன்."

திங்கட்கிழமை தேஷ்பாண்டேயின் அறைக்குப் போய் அப்படியே சொன்னேன். அவர் பென்சிலைச் சீவிக்கொண்டே கேட்டார். சீவின பென்சிலையே மறுபடி சீவினார். "மேனேஜர் சொல்ல மாட்டார்" என்றார். பிறகு, "ஆள் வரட்டும்" என்றார்.

சுடலைமுத்து வந்தார். தேஷ்பாண்டே மாடியிலிருந்து இறங்கி ஷாப்புக்குப் போனார். அவர் கீழே போவதே அபூர்வம். நாங்கள் எல்லாரும் மாடிக் கம்பிகளைப் பிடித்துக்கொண்டு பார்த்தோம். லேத்துகளை நிறுத்தச் சொன்னார். பழைய பிரிண்டை ஒரு கையிலும் புதுசை ஒரு கையிலும் தூக்கிப் பிடித்து, இந்தியில் உரக்கச் சொன்னார்: "இந்தப் படத்தில் இரண்டு வழி இருந்தது. சுடலை ஒரு வழியில் போனார். வழி போட்டவன் நான். புதுசில் ஒரே வழி." அவ்வளவுதான். மன்னிப்பு என்ற வார்த்தை வரவில்லை. சுடலைமுத்து கையைத் துடைத்துக்கொண்டு புதுப் பிரிண்டை வாங்கினார். மேனேஜர் தன் கண்ணாடி அறையை விட்டு வெளியே வரவில்லை. லேத்துகள் மறுபடி ஓட ஆரம்பித்தன. புதுச் சாய்வோடு கடைந்த ஷாஃப்டில் சீல் வழுக்கிக்கொண்டு ஏறியது, தண்ணீர் ஒரு சொட்டும் கசியவில்லை.

கதை இங்கே முடிந்திருந்தால் உனக்கு முன்பே சொல்லியிருப்பேன். வருஷ முடிவில் எனக்கு நிரந்தரம் ஆகவில்லை. தேஷ்பாண்டேதான் கூப்பிட்டுச் சொன்னார். "உங்கள் கை இந்த ஆஃபீஸிலேயே நல்ல கை. நீங்கள் சொன்னதும் சரி. ஆனால் பாயி, முதலில் என்னிடம் வந்திருக்கலாம். கதவைத் தட்டி, என் படத்தில் இரண்டு அர்த்தம் வருகிறது என்று சொல்லியிருந்தால் நான் கேட்டிருப்பேன். நீங்கள் அதை என் ஆட்கள் முன்னால் வைத்து என்னைப் பார்க்க வைத்தீர்கள்." வடாலாவில் தெரிந்த இடத்தில் சொல்லி வைத்திருப்பதாகவும், அங்கே போகலாம் என்றும் சொன்னார். போனேன். அங்கேதான் இத்தனை காலமாக இருக்கிறேன்.

கேட்டிருப்பாரா? எத்தனையோ தரம் யோசித்துவிட்டேன். தெளிவாகத்தான் இருக்கிறது என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்ட மனிதர், தனியாகப் போய்ச் சொன்னால் ஒத்துக்கொண்டிருப்பாரா, வேலையைப் பாருங்கள் என்று அனுப்பியிருப்பாரா? ஒரு நாள் ஒத்துக்கொண்டிருப்பார் என்று தோன்றுகிறது, மறுநாள் இல்லை என்று தோன்றுகிறது. நான் செய்ததைத் தப்பு என்று நினைக்கவில்லை. அவர் மனசு நொந்ததும் பொய்யில்லை. இந்த இரண்டையும் எனக்கு இன்றுவரை ஒன்றாகச் சேர்த்து வைத்துப் பார்க்கத் தெரியவில்லை. எந்தப் புது சாம்ஃபரைத் துணியில் இழுத்தாலும் இந்த யோசனை ஒரு தரம் வந்துவிட்டுத்தான் போகிறது.

அதனால் நீ ஒன்று செய். உன் மூத்த டிராஃப்ட்ஸ்மனிடம், அவர் தனியாக இருக்கும்போது போ. 'உங்கள் படம் தப்பு' என்று தொடங்காதே. 'சாம்ஃபர் 2' என்பதை எத்தனை விதமாக வெட்டலாமோ அத்தனை விதமாகவும் பெரிதாகப் போட்டு எடுத்துக்கொண்டு போ. ஒன்றில் நீளவாக்கில் இரண்டு, ஒன்றில் சாய்வின் மேல் இரண்டு, ஒன்றில் நாற்பத்தைந்து இல்லாத வேறு கோணம். மேஜையில் வைத்து, 'இதில் எதை எழுதட்டும் ஸார்?' என்று மட்டும் கேள். அவர் விரல் ஏதாவது ஒன்றின் மேல் வந்துதான் ஆக வேண்டும். எதன் மேல் வருகிறதோ அதை யாருக்கும் சந்தேகம் வராதபடி படத்தில் போடு. அப்போதும் சிரித்தால் சிரிக்கட்டும். கீழே ஒரு ஆள் அதைப் பார்த்துத்தான் இரும்பை வெட்டப் போகிறான். அவன் வந்து உன்னைக் கேட்க மாட்டான், கேட்க அவனுக்கு நேரமும் இருக்காது, தைரியமும் இருக்காது. அவனுக்காக இப்போதே கேட்கக்கூடிய இடத்தில் நீ ஒருத்திதான் இருக்கிறாய்.

கடிதத்தின் கடைசியில், மடித்த ஓரத்தில் சின்னதாக, 'வந்துவிடட்டுமா?' என்று எழுதியிருக்கிறாய். உன் அப்பா கண்ணில் அது பட்டுவிடக் கூடாது என்று கட்டைவிரலால் மறைத்துக்கொண்டுதான் படிக்கக் கொடுத்தேன். அவர் என் விரலை நகர்த்திவிட்டுப் படித்துவிட்டார். "வரச் சொல்லு. இந்தூர்லதான் வேலை இருக்கா?" என்று அப்போதிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறார். நான் இருந்துவிடு என்றும் சொல்லவில்லை, வா என்றும் சொல்லவில்லை. காலையிலிருந்து இந்த ஒரு வரிக்குத்தான் அலைந்துகொண்டிருக்கிறேன். இப்போது எழுதிவிடுகிறேன். வர வேண்டும் என்று தோன்றினால் வா, கதவு திறந்துதான் இருக்கிறது, யாரும் ஒரு கேள்வி கேட்க மாட்டோம். ஆனால் அந்த மூத்தவர் முன்னால் அந்தத் தாளை வைத்து, பதிலை வாங்கிக்கொண்டு வா.

அம்மா